மழைக்கு முன் போய்ச் சேர வேண்டிய சோளம்

சென்ற இதழில் தெற்கு சூடானின் உணவு நெருக்கடியைப் பற்றி வந்த சிறு குறிப்பில், மழைக்காலத்தில் அந்நாட்டின் ஏறத்தாழ 60 சதவிகிதப் பகுதிக்குச் சாலை வழியே போக முடிவதில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களே இம்முறை பக்கங்களை நிரப்பிவிட்டதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

கேள்வி: பாதிக்கு மேற்பட்ட நாட்டுக்குச் சாலை வழியே போக முடியாது என்பது மிகைப்படுத்தல் இல்லையா? நம் பக்கம் புயலே அடித்தாலும் நான்காம் நாள் லாரி ஓடத் தொடங்கிவிடுகிறது. அங்கே அவ்வளவு பேய்மழையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: மிகை இல்லை, அதே சமயம் பேய்மழையும் இல்லை. தலைநகர் ஜூபாவில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக 1,000 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. சென்னையில் பெய்வது அதைவிடக் கூடுதல். அங்கே சாலையைத் தின்பவை இரண்டு: மழை விழுகிற மண், விழுந்த தண்ணீர் வடிவதற்குச் சரிவே இல்லாத நிலம். வெள்ளை நைல் ஆறு ஜூபாவைத் தாண்டி வடக்கே போகும்போது சட் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்தில் நுழைகிறது. அங்கே தரையின் சரிவு கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆறு கரைக்குள் அடங்கி ஓடாமல் நாணற்காட்டுக்குள் பரவி, கொண்டுவந்த தண்ணீரில் ஏறத்தாழ பாதியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு மறுபுறம் வெளியேறுகிறது. சட் என்ற அரபுச் சொல்லுக்கே தடை என்றுதான் பொருள். மிதக்கும் செடித் திட்டுகள் படகுகளை மறித்ததால் வந்த பெயர் அது.

நாட்டின் தென்பகுதியில் ஏப்ரல் வாக்கிலும் வடக்கே மே வாக்கிலும் மழை தொடங்கி, அக்டோபர், நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. மண் இறுகி லாரியின் எடையைத் தாங்கும் நிலைக்கு வர டிசம்பர் ஆகிவிடும். அப்படிப் பார்த்தால், வரைபடத்தில் ஆண்டு முழுவதும் கோடாக நிற்கும் ஒரு சாலை, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நான்கைந்து மாதங்கள் மட்டுமே சாலையாக இருந்துவிட்டு, மீதி மாதங்களில் வாய்க்காலாகவோ குளமாகவோ மாறிவிடுகிறது. நிவாரணப் பொருள் அனுப்புகிறவர்கள் ஓர் ஊரைப் பற்றிப் பேசும்போது அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். அந்த ஊருக்குப் பாதை எந்த மாதம் மூடும் என்பதே அவர்களுடைய முதல் கேள்வி.

2019-க்குப் பிறகு இந்தக் கணக்கும் குலைந்தது. அந்த ஆண்டு தொடங்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் வெள்ளம் வந்தது. 2020-ல் விக்டோரியா ஏரியின் நீர்மட்டம் வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. அங்கிருந்து புறப்படும் தண்ணீர் பல மாதங்கள் கழித்தே சட் பகுதியை வந்தடைகிறது என்பதால், உள்ளூரில் மழை நின்ற பிறகும் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. யூனிட்டி மாநிலத்தின் பெந்தியு நகரும் அதை ஒட்டிய, உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் தங்கிய முகாமும் 2021, 2022 ஆண்டுகளில் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த தீவாகிவிட்டன. லட்சம் பேருக்கு மேல் தங்கியிருந்த அந்த முகாமையும் விமான ஓடுதளத்தையும் மண் கரைகளே காத்து நின்றன. ஐ.நா. அமைதிப்படையின் பாகிஸ்தான் பொறியியல் பிரிவினர் அந்தக் கரைகளை உயர்த்துவதையே வேலையாகக் கொண்டிருந்தார்கள். கோடைக்காலம் வந்தும் சாலை வரவில்லை.

கேள்வி: எங்கள் ஊரும் கரிசல்தான். ஆனாலும் நாற்கரச் சாலை இருக்கிறது, பேருந்து ஓடுகிறது. ஒரு நல்ல சாலையைப் போட்டுவிட்டால் ஆண்டுதோறும் இந்தத் துன்பம் ஏன்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: கரிசலில் வளர்ந்த உங்களுக்கு மண்ணின் குணத்தை நான் விளக்கத் தேவையில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிற அதே மண், ஒரு மழை பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு ஊதி எழும்பி, செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். தெற்கு சூடானின் நடுப்பகுதியிலும் வடகிழக்கிலும் கிடப்பது இந்த வகைக் களிமண்தான். ஒரு வேறுபாடு உண்டு. உங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவு போனால் கல் குவாரி இருக்கிறது, கிராவல் கிடைக்கிறது. ஜோங்லே, அப்பர் நைல் மாநிலங்களின் வெள்ளச் சமவெளியில் வெகுதூரத்துக்குக் கூழாங்கல்கூடக் கிடைக்காது. களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டோ, சுண்ணாம்பு கலந்து இறுக்கியோ, மேலே கிராவல் கொட்டி மேடாக்கியோதான் அங்கே சாலை அமைக்க முடியும் என்னும்போது, கொட்ட வேண்டிய ஒவ்வொரு லோடு கிராவலும் அதே சேற்றுப் பாதையில் வெகுதூரம் பயணம் செய்து வர வேண்டியிருக்கிறது. சாலை போடுவதற்கே முதலில் ஒரு சாலை வேண்டும்.

போட்டது நிலைப்பதும் எளிதன்று. சரிவில்லாத நிலத்தில் மேடாக எழுப்பிய சாலை ஓர் அணையைப்போல நின்று ஒருபுறத் தண்ணீரைத் தேக்கிவிடும். போதுமான சிறுபாலங்கள் வைக்காவிட்டால் வெள்ளம் தானே ஒரு வழியை உடைத்துக்கொள்ளும். கிராவல் சாலையை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சமன்படுத்த வேண்டும். இரண்டு பருவம் கவனிக்காமல் விட்டால் போட்ட பணம் மண்ணோடு போய்விடும்.

இயற்கை ஒருபுறமிருக்க, வரலாற்றையும் சேர்த்துப் பாருங்கள். சூடான் அரசுக்கும் தென்பகுதிக் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே 1983 முதல் 2005 வரை நடந்த போரில் சாலைகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. சமாதான உடன்படிக்கையை ஒட்டிய ஆண்டுகளில், உணவு கொண்டுபோக வேண்டிய ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமே கண்ணிவெடி அகற்றிப் பாதைகளைச் செப்பனிடும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2011 ஜூலை 9 அன்று நாடு விடுதலை பெற்றபோது நகரங்களை இணைக்கும் தார்ச் சாலை ஒன்றுகூட முழுமையாக இல்லை. ஜூபாவிலிருந்து உகாண்டா எல்லையிலுள்ள நிமுலே வரை 192 கிலோமீட்டர் நீளும் சாலை அமெரிக்க உதவியோடு 2012-ல் முடிந்தது. நாட்டின் முதல் தார் நெடுஞ்சாலை அதுதான். மறு ஆண்டு டிசம்பரிலேயே உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. ஜூபாவில் நைல் ஆற்றைக் கடக்க நெடுங்காலம் ஒரு பழைய பெய்லி இரும்புப் பாலத்தையே நம்பியிருந்தார்கள். ஜப்பான் உதவியோடு 2013-ல் தொடங்கிய புதிய பாலம், சண்டைகளால் நின்று நின்று, 2022 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது.

இதை எழுதும்போது ஜோங்லே கால்வாய் நினைவுக்கு வருகிறது. சட் பகுதியில் ஆவியாகும் தண்ணீரை மிச்சப்படுத்தி வடக்கே கொண்டுபோவதற்காக 1978-ல் தோண்டத் தொடங்கிய 360 கிலோமீட்டர் கால்வாய் அது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்த நிலையில் போர் மூண்டு வேலை நின்றுவிட்டது. தண்ணீர் ஓடாத அந்த வெட்டுப்பள்ளம் இன்னும் அப்படியே கிடக்கிறது. உள்ளூர் மக்களின் எதிர்ப்பையும் மீறித் தோண்டிய கால்வாய்க்கு இயந்திரமும் பணமும் வந்து சேர்ந்தன, அதே மக்களுக்கு வேண்டிய சாலைக்கு வரவில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை அவ்வளவு பெரிய நாட்டில் யார் கண்காணிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: பேரிடர்க் காலத்தில் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் துறைவாரியாகக் கூடி வேலை செய்யும் ஏற்பாடு 2005-ல் உருவானது. அதில் போக்குவரத்து, கிடங்கு முதலியவற்றுக்கான கூட்டமைப்பான லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டரை உலக உணவுத் திட்டம் முன்நின்று நடத்துகிறது. தெற்கு சூடானுக்கு இந்தக் கூட்டமைப்பு ஒரு சாலை வரைபடத்தை வெளியிட்டு, அடிக்கடி திருத்திக்கொண்டே வருகிறது. தடையின்றிப் போகலாம், சிரமப்பட்டுத்தான் போகலாம், போகவே முடியாது என்று ஒவ்வொரு சாலைத் துண்டையும் நிறம் பிரித்துக் காட்டும் வரைபடம் அது.

அந்த நிறத்துக்குப் பின்னால் செயற்கைக்கோளைவிட மனிதர்களின் வாய்மொழியே மிகுதி. நேற்று அந்த வழியே வந்த லாரி ஓட்டுநர், வாகனத்தை அனுப்பிவைத்த டிரான்ஸ்போர்ட் நிறுவனம், ஒரு சிற்றூரில் மருந்தகம் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் ஊழியர் முதலியோர் சொல்லும் செய்திகளைத் திரட்டித்தான் கோடுகளுக்கு நிறம் பூசுகிறார்கள். ஆகவே படத்தைப் படிக்கிறவருக்கும் ஒரு பக்குவம் வேண்டும். திறந்திருப்பதாகக் காட்டப்பட்ட சாலை, முந்தின இரவு பெய்த ஒரு மழையில் மூடிப்போயிருக்கலாம். ஒரு ஜீப் போய்விட்டது என்பதால் 30 டன் ஏற்றிய டிரெய்லர் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. நூறு கிலோமீட்டர் நல்ல பாதைக்கு நடுவில் இருநூறு மீட்டர் சகதி இருந்தாலும் அப்பால் உள்ள ஊர் துண்டிக்கப்பட்டதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஈரம் காயுமுன் அவசரப்பட்டு நுழையும் முதல் லாரி அச்சு வரை புதைந்து, தானும் நின்று, பின்னால் வருகிற அத்தனை வண்டிகளையும் நிறுத்திவிடும். அது உழுதுவிட்டுப் போன தடம் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டால் அடுத்த மழை வரை அந்தப் பாதையில் சிறு வண்டிகூடத் திணறும். இதனால்தான் மழை பெய்தபின் கனரக வாகனங்களைச் சில மணி நேரமோ சில நாட்களோ நிறுத்திவைப்பது சாலையையே காப்பாற்றும் வேலையாகிறது. நிறுத்திவைக்கப்பட்ட ஓட்டுநருக்கு அது அப்படித் தோன்றாது.

கேள்வி: சாலை இல்லாவிட்டால் என்ன, விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட்டுவிடலாமே? செய்திப் படங்களில் பார்க்கிறோமே.
– வாசகர், சேலம்

பதில்: போடுகிறார்கள், இன்று நேற்றல்ல. 1988-ன் பஞ்சத்துக்குப் பிறகு 1989-ல் தொடங்கிய ஆபரேஷன் லைஃப்லைன் சூடான் என்னும் ஐ.நா. திட்டம், கென்யாவின் வடகோடியிலுள்ள லோக்கிச்சோக்கியோ என்ற சிற்றூரைத் தளமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தது. ஆனால் இதைச் செய்கிறவர்களே இதைக் கடைசி வழி என்றுதான் சொல்கிறார்கள். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக்கிலோ தானியம் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு, எண்ணெய், உப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு லட்சம் பேருக்கு நாளைக்கு 50 டன். மாதத்துக்கு 1,500 டன். பாதை அடைபட்டிருக்கும் காலத்தில் ஆறு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 9,000 டன். கோடையில் இதை 30 டன் லாரியில் அனுப்பினால் 300 லோடு. இதையே இல்யூஷின்-76 என்னும் பெரிய சரக்கு விமானத்தில் அனுப்பினால், அதுவும் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 டன்தான் சுமக்கும் என்பதால், 300 தடவை பறக்க வேண்டும். லாரி ஓடும் செலவும் அந்த ராட்சத விமானம் பறக்கும் செலவும் ஒன்றா? வானிலிருந்து போடுவது தரைவழியைப்போல ஏழு மடங்கு வரை செலவாகும் என்று உலக உணவுத் திட்டம் சொல்லிவருகிறது. மூன்று டன் ஏற்றும் ஹெலிகாப்டரானால் 3,000 தடவை. சேற்றிலும் நீரிலும் ஓடக்கூடிய ஷெர்ப் என்ற பருத்த டயர் வண்டிகளை அங்கே இப்போது பயன்படுத்துகிறார்கள். பார்க்க வேடிக்கையான, உண்மையிலேயே உதவுகிற வண்டிதான். ஆனால் அது டன் கணக்கில் ஒன்றோ இரண்டோதான் கொண்டுபோகும் என்னும்போது மேற்சொன்ன 9,000 டன்னை நினைத்துப் பாருங்கள்.

மூட்டையைப் போடுவதும் படத்தில் தெரிவதுபோல எளிதன்று. முதலில் தரையில் ஒரு குழு போய்ச் சேர வேண்டும். அவர்கள் ஹெலிகாப்டரில் போய், சில சமயம் அதன்பிறகு நடந்தும் போகிறார்கள். கால்பந்து மைதானங்களைவிடப் பெரிய திடலைத் தேர்ந்து எல்லை குறித்து, ஆடுமாடும் பிள்ளைகளும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டு, காற்றின் போக்கை விமானிக்குச் சொல்ல வேண்டும். சில நூறு மீட்டர் உயரத்திலிருந்து குடையில்லாமல் விழும் 50 கிலோ மூட்டை ஒரு குண்டுக்குச் சமம். விழும் வேகத்தில் வெடித்துச் சிதறாமல் இருக்கச் சாக்குக்குள் சாக்காகப் பல அடுக்கு போட்டு, தானியம் அசைந்துகொடுக்க உள்ளே இடம் விட்டுத் தைக்கிறார்கள். போருக்கிடையே என்றால் விமானத்தைச் சுடமாட்டோம் என்று இரு தரப்பிடமும் உறுதி வாங்காமல் பறக்க முடியாது.

விமானம் சாலையிடமிருந்து நம்மை விடுவித்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். விமானத்துக்கு வேண்டிய எரிபொருளும் லாரியில்தான் வருகிறது. 2024 ஏப்ரலில் புதிய வரி, கட்டணச் சிக்கலால் ஐ.நா. எரிபொருள் டேங்கர்கள் எல்லையில் நின்றபோது, வானிலிருந்து உணவு போடும் பணியே நிறுத்தப்பட்டது. 60,000 பேர் அப்போது அந்த உணவை நம்பியிருந்தார்கள். பிறகு அரசு அந்த வரிகளை விலக்கிக்கொண்டது.

கேள்வி: நான் லாரித் தொழிலில் இருக்கிறேன். அந்தப் பாதையில் யாருடைய வண்டிகள் ஓடுகின்றன? வழியில் செக்போஸ்ட் தொல்லை உண்டா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: உங்கள் கேள்விதான் எனக்குப் பிடித்தது. உலக உணவுத் திட்டத்துக்குச் சொந்த லாரிகள் சில இருந்தாலும், பெரும்பகுதிச் சரக்கைத் தனியார் டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களே ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்கின்றன. தெற்கு சூடானுக்குக் கடற்கரை இல்லாததால், கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் சரக்கு உகாண்டா வழியாக நிமுலே எல்லையைக் கடந்து ஜூபா வருவதற்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்தத் தூரம் தார்ச் சாலை. நீங்கள் பார்த்துப் பழகிய சுங்கச் சாவடி வரிசை, எடை மேடை, காகித வேலை என்பவற்றுக்கு மேல் பெரிய வேறுபாடு இருக்காது. உண்மையான தொழில் ஜூபாவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது.

அங்கே வாடகை பேசும்போது கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. புதைந்தால் எத்தனை நாள் நிற்க வேண்டும், உதிரிபாகம் எங்கிருந்து வரும், வண்டியை விட்டுவிட்டு வர நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவையெல்லாம் வாடகைக்குள் வந்துவிடும். மழை மாதத்தில் ஒரு லாரி ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்பது அங்கே செய்தியே இல்லை. ஓட்டுநரும் கிளீனரும் வண்டியடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சரக்கையும் காத்துக்கொண்டு கிடப்பார்கள்.

செக்போஸ்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. படையினர், காவல்துறையினர், உள்ளூர் நிர்வாகம், ஆயுதக் குழுக்கள் என்று ஆளுக்கொரு கயிறு கட்டி நிற்கிறார்கள். நிவாரணச் சரக்குக்குக் கட்டணம் கிடையாது என்பது எழுத்தில் உள்ள விதி. கயிற்றைப் பிடித்திருக்கிறவருக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராதபோது அந்த எழுத்து செல்லுபடியாவது கடினம். ஓர் அனுமதிக் கடிதத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தால் 40 லாரிகள் கொண்ட தொடரும் நிற்கும். அந்தக் காத்திருப்பில் மழை வந்துவிட்டால் பிறகு கையெழுத்து கிடைத்தும் பயனில்லை.

உயிராபத்தும் இல்லாமலில்லை. 2013 ஏப்ரல் 9 அன்று ஜோங்லே மாநிலத்தில் ஐ.நா. வாகனத் தொடர் ஒன்று பதுங்கித் தாக்கப்பட்டபோது, காவலுக்குச் சென்ற இந்திய வீரர்கள் 5 பேர் உட்பட 12 பேர் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலையில் ஜூபாவில் சண்டை மூண்ட பிறகு, மேலே நான் சொன்ன அந்த நல்ல நிமுலே சாலையிலேயே வழிமறித்துத் தாக்குதல்கள் நடந்து, வாகனங்கள் படைக்காவலோடு போக வேண்டிவந்தது. தார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கோவில்பட்டி வாசகியின் நம்பிக்கையை நான் முழுவதும் ஏற்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 2006-ல் ஏ-9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டில் நாங்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அங்கே நடப்பதும் அதுபோன்றதுதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரு பாதியளவு. யாழ்ப்பாணத்தை இலங்கையின் தெற்கோடு இணைக்கும், 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திறந்த ஏ-9 பாதை 2006 ஆகஸ்ட்டில் மூடப்பட்டபோது, பாதை அங்கேயேதான் இருந்தது, மனிதர்கள்தாம் மூடினார்கள். கப்பலையும் விமானத்தையும் நம்பிக் குடாநாடு வாழ்ந்த அந்தக் காலத்தில் சாமான்களின் விலை என்ன ஆனது என்பதை நீங்களே எனக்குச் சொல்ல வேண்டும். தெற்கு சூடானில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. வானம் ஒரு பூட்டைப் போட்டு, டிசம்பரில் தானே திறந்துவிடுகிறது. மனிதர்கள் போடும் பூட்டுக்கு மாதக் கணக்கு இல்லை. 2017 பிப்ரவரியில் யூனிட்டி மாநிலத்தின் லேயர், மாயெந்திட் வட்டாரங்களில் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அது நல்ல கோடை. மண் காய்ந்து கிடந்த மாதம். அந்த வட்டாரங்களுக்குள் தொண்டுப் பணியாளர்கள் போக முடியாமற்போனதற்குச் சண்டையே காரணம். வழி விடப்பட்டு உணவும் மருத்துவமும் உள்ளே போன பிறகு, அதே ஆண்டு ஜூன் மாதத்தில், மழை தொடங்கியிருந்த காலத்தில், பஞ்ச நிலை நீங்கியது என்று அறிவித்தார்கள்.

கேள்வி: நைல் ஆறே நாட்டின் நடுவே ஓடுகிறதே. படகில் கொண்டுபோகலாமே?
– வாசகி, காரைக்கால்

பதில்: கொண்டுபோகிறார்கள், இன்னும் அதிகமாகக் கொண்டுபோகலாம் என்பது என் கருத்து. ஜூபாவிலிருந்தும் போர் நகரிலிருந்தும் (ஊரின் பெயரே போர்தான், யுத்தம் என்று படித்துவிட வேண்டாம்) வடக்கே மலக்கால் வரை சரக்குத் தோணிகள் போகின்றன. ஒரே தொடரில் நூற்றுக்கணக்கான டன் ஏற்றலாம், வெள்ளத்தாலும் பாதகமில்லை. நாட்கள் மட்டும் கூடுதலாகும், செடித்திட்டுகள் மறிக்கும், கரையில் நிற்கும் ஆயுதக்காரர்கள் சாலையில் கேட்டதையே ஆற்றிலும் கேட்பார்கள். முன்பு சூடானின் கொஸ்தி நகரிலிருந்தும் தெற்கே ரெங்க் வரை சரக்கு வந்துகொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியதும் அந்த வழி படுத்துவிட்டது. அதற்குப் பதில் அகதிகள் அதே ரெங்குக்கு லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள்.

ஆற்றங்கரையிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு மறுபடியும் சிறு மரத்தோணியையோ தலைச்சுமையையோதான் தேட வேண்டும். இடுப்பளவு நீரில் பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கும் காட்சி அந்தக் கடைசித் தூரத்தில்தான் காணக் கிடைக்கிறது.

கேள்வி: எங்கள் அரிசி ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து தெற்கு சூடானுக்கு அரிசி மூட்டைகள் அனுப்ப விரும்புகிறோம். எப்படி அனுப்புவது?
– வாசகர், காங்கேயம்

பதில்: உங்கள் மனத்துக்கு நன்றி. ஆனால் அரிசியாக அனுப்ப வேண்டாம். தூத்துக்குடியில் கப்பலேறி, மொம்பாசாவில் இறங்கி, சுங்கம் முடித்து, 1,600 கிலோமீட்டர் ஓடி ஜூபா சேர்வதற்குள் அரிசியின் விலையைவிடக் கூலி மிஞ்சிவிடும். தவிர, அங்குள்ள கிராமங்களில் அன்றாட உணவு சோளம். நம் தாத்தா பாட்டிகள் கம்பங்கூழ் குடித்ததுபோல அவர்கள் சோள மாவைக் கிண்டிச் சாப்பிடுகிறார்கள். பக்கத்து நாடான உகாண்டா போன்ற இடங்களிலேயே தானியம் வாங்க முடியும் என்பதால், நிவாரண அமைப்புகளுக்குப் பணமாகக் கொடுப்பதுதான் பயன்படும்.

எப்போது கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோங்லேயின் உட்பகுதிக் கிடங்கு ஒன்றில் ஏப்ரல் இறுதிக்குள் மூட்டை அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றால், ஜூபாவிலிருந்து லாரி பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே கிளம்பியாக வேண்டும். தானியம் வாங்குவது, சாக்கில் பிடிப்பது, எல்லை கடப்பது எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பின்னோக்கி எண்ணினால் பணம் அக்டோபரிலேயே கையில் இருக்க வேண்டும். பட்டினிப் படங்கள் நம் தொலைக்காட்சியில் வருவது பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில், சென்ற அறுவடை தீர்ந்து அடுத்தது வராத நேரத்தில். அப்போது திரட்டிய பணம் லாரிக்குப் போகாது, விமானத்துக்குப் போகும். மேலே போட்ட கணக்குப்படி ஏழு மூட்டைக்கு ஆகும் பணத்தில் ஒரு மூட்டை. உங்கள் ஆலைகளில் வரவு செலவு முடிக்கும் மாதம் எது என்று எனக்குத் தெரியாது. ஆயுதபூஜையை ஒட்டிக் கொடுக்க முடியுமானால் சரியாக இருக்கும்.